எந்தக் கோடு முதலில்

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி அலுவலகத்தின் மேசையில் என் சாம்பிள் துணியை விரித்துப்போட்டு, சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த சீனப் பெண்மணி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்பு ஜாக்கெட்டின் முதுகுத் துணி அது. அதில் சிவப்பு நூலில் இரண்டு பெரிய சீன எழுத்துகள், 必胜. ஜெயித்தே தீருவோம் என்று அர்த்தமாம். அவர்கள் ஊரில் படகுப் போட்டிக்குப் போகும் ஒரு குழுவுக்கான ஜாக்கெட். துணியை வாங்கும் முன் தரம் பார்த்துச் சொல்வதுதான் அந்தப் பெண்மணியின் வேலை.

மேசை விளக்கைத் துணிக்கு அருகே இழுத்தார். விரலால் நூலைத் தடவினார். பிறகு ஆங்கிலத்தில், எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காக மெதுவாகச் சொன்னார்.

“படமாகப் பார்த்தால் சரியாக இருக்கிறது. ஆனால் இதை யாரும் எழுதவில்லை.”

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் முதலாளி என்னைப் பார்த்தார். நான் துணியைப் பார்த்தேன். தையலில் ஒரு பிசிறு கிடையாது. நூல் எங்கேயும் தளரவில்லை. அந்த டிசைனுக்காக இரண்டு நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

அவர் இரண்டாவது எழுத்தின் இடது பாதியைத் தொட்டுக் காட்டினார். கதவு நிலைபோல ஒரு சட்டம், உள்ளே இரண்டு சின்னக் குறுக்குக்கோடுகள். “இந்த வலது மூலையில் இரண்டு தையல் வந்து முட்டுகிறது. இங்கே முட்டவே கூடாது. மேல்கோடும் வலது கோடும் ஒரே கோடு, கையை எடுக்காமல் திரும்பி இறங்கும். இடது மூலையில்தான் இரண்டு கோடு சந்திக்க வேண்டும். அங்கே நீங்கள் வளைத்துச் சேர்த்துவிட்டீர்கள்.” பிறகு வலது பாதி. “இந்த நெட்டுக்கோடு மேலே வர வேண்டும். படுக்கைக்கோடுகள் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. எங்கள் ஊரில் சின்ன வகுப்புப் பிள்ளை பார்த்தால்கூட, எழுதத் தெரியாத ஒருவர் செய்தது என்று சொல்லிவிடும்.”

குரலில் கோபமோ கிண்டலோ இல்லை. அதனால்தான் எனக்கு அதிகம் சுட்டது.

நான் செய்கிற வேலை என்ன என்று சொன்னால்தான் அது ஏன் சுட்டது என்று புரியும். எம்பிராய்டரி மெஷினுக்கு எதை எப்படித் தைப்பது என்று தானாகத் தெரியாது. ஊசி எங்கே இறங்க வேண்டும், எந்தப் பக்கம் நகர வேண்டும், எதை முதலில் தைத்து எதை அதன்மேல் தைக்க வேண்டும், எங்கே நூலை அறுக்க வேண்டும் என்று ஒவ்வொரு குத்தையும் கம்ப்யூட்டரில் வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். அதற்குப் பஞ்சிங் என்று பெயர். கல்யாணமாகி சோமனூருக்கு வந்தபிறகு கற்றுக்கொண்டு, இத்தனை வருஷமாக அதுதான் என் பிழைப்பு. ரோஜாப்பூ, மயில், பள்ளிக்கூடச் சட்டைப் பை முத்திரை, ஜாக்கெட் கைக்கு மாங்காய் என்று நான் பண்ணாத டிசைன் இல்லை. பூவென்றால் அடி இதழ் முதலில், மேல் இதழ் பிறகு. எது முதலில் எது பிறகு என்பதுதான் என் தொழிலே. அதில்தான் தப்பு என்று ஒருவர் துணியைத் தொட்டுக் காட்டிவிட்டார்.

திரும்பி வரும்போது, அவிநாசி ரோட்டில் வண்டி ஓட்டிக்கொண்டே முதலாளி சொன்னார், “விட்டுப்போடலாங்க அம்மணி. இது நம்ம எழுத்தா? ஆயிரம் டிசைன் கெடக்குது.”

“அவுங்க மறுபடியும் எப்ப வர்றாங்களாமுங்ணா?”

“அடுத்த மாசம் கடைசீல வருவாங்களாட்ட இருக்குது.”

“அதுவரைக்கும் டைம் குடுங்ணா. நான் சரிபண்ணிக் காட்டறன்.”

“சாப்ட்வேர்லயே சீன எழுத்து ரெடியா இருக்குமல்லொ? அத எடுத்துப் போட்டா ஆவாதா?”

அதை ஏற்கெனவே பார்த்துவிட்டேன் என்றேன். அந்த எழுத்துகள் பத்திரிகையில் அச்சடித்த மாதிரி விறைப்பாக நின்றன. அவர்கள் அனுப்பியிருந்தது தூரிகையால் எழுதியதன் போட்டோ. ஒரு இடத்தில் தடித்து, ஒரு இடத்தில் மெலிந்து, முனையில் சட்டென்று எகிறும் எழுத்து. அதைத்தான் முதுகில் போட்டுக்கொள்ள அவர்கள் விரும்பினார்கள். கருமத்தம்பட்டி தாண்டியபிறகு முதலாளி, “செரிங்க, பாருங்க” என்றார்.

முதலில் போனை நம்பினேன். சீன எழுத்து எழுதிப் பழக ஒரு ஆப் இருந்தது. ஒரு எழுத்தைத் தொட்டால் கோடு கோடாகத் தானே எழுதிக் காட்டும். பிறகு நாம் விரலால் எழுத வேண்டும். வரிசை தப்பினால் போன் கையில் அதிரும். முதல் எழுத்தான 必-ஐ எடுத்தேன். பார்க்க ஐந்தே கோடுகள். நடுவில் சாய்ந்து இறங்கும் நீளக்கோடுதான் பெரிது, அதிலிருந்துதான் ஆரம்பிக்கும் என்று நினைத்து இழுத்தேன். அதிர்ந்தது. மேலே இருக்கிற புள்ளியை வைத்தேன். அதிர்ந்தது. இடது ஓரத்தில், யாரும் கவனிக்காத ஒரு சின்னப் புள்ளி இருந்தது. அதுதான் முதல். பிறகு படுத்தமாதிரி வளைந்து முனையில் கொக்கி போடும் கோடு. பிறகு மேல் புள்ளி. நான் முதலில் இழுத்த நீளக்கோடு நாலாவது. கடைசியில் வலது ஓரப் புள்ளி.

வரிசையை மனப்பாடம் செய்துவிட்டேன். அதன்படி பஞ்ச் பண்ணி ஒரு துண்டுத் துணியில் ஓட்டியும் பார்த்தேன். மேலே வர வேண்டியது மேலே வந்தது, கீழே போக வேண்டியது கீழே போனது. ஆனாலும் போட்டோவில் இருந்த எழுத்துக்குப் பக்கத்தில் வைத்தால் என்னுடையது செத்துக் கிடந்தது. எங்கே தடிக்க வேண்டும், எங்கே மெலிய வேண்டும் என்று போட்டோவைப் பார்த்துத்தான் செய்கிறேன், ஏன் அப்படித் தடிக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அது கையில் தெரிய வேண்டிய விஷயம் என்று அப்போதுதான் பட்டது.

காந்திபுரத்தில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் ஞாயிற்றுக்கிழமை சீன மொழி வகுப்பு நடப்பதாக, எங்களுக்கு நூல் சப்ளை செய்கிறவர் சொன்னார். போனேன். பத்துப் பேர் இருந்தார்கள், எல்லோரும் பட்டனும் ஜிப்பும் மெஷினும் வாங்கச் சீனாவுக்குப் போய்வருகிற வியாபாரிகள். விலை கேட்க, குறைக்கச் சொல்ல, சைவச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கப் படித்துக்கொண்டிருந்தார்கள். சொல்லிக்கொடுத்தது இருபத்தேழு இருபத்தெட்டு வயதுப் பெண். சீனாவில் டாக்டருக்குப் படித்துவிட்டுத் திரும்பியவர். வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே வேலை பார்க்க ஒரு பரீட்சை எழுதித் தேற வேண்டும். அதற்குப் படித்துக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வகுப்பு.

வகுப்பு முடிந்து எல்லோரும் இறங்கிப் போனபிறகு, எனக்கு எழுதச் சொல்லித்தர முடியுமா என்று கேட்டேன்.

“எழுதவா? எதுக்குங்க்கா? போன்ல அடிச்சா வந்துருது. பேசுனாவே போதும்.”

“எனக்குப் பேச வேண்டாமுங்க மிஸ். எழுதத்தான் வேணும்.” பையிலிருந்து இரண்டு சாம்பிளையும் எடுத்துக் காட்டினேன். முதல் சாம்பிளைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். இரண்டாவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“எழுதணும்னு கேட்டு இதுவரைக்கும் யாரும் வந்ததே இல்லீங்க்கா” என்றார். “இந்த ரெண்டு எழுத்து மட்டும் போதும்னா நான் வேண்டாம், போனே போதும். கை பழகணும்னா மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். ஒத்தக் கோட்டுல இருந்து.”

“நாள் கம்மியா இருக்குதுங்களே.”

“அதனாலதான் சொல்றேன்.”

ஒரு வெள்ளைத் தாளை முன்னால் வைத்து, “அதுக்கு முன்னாடி ‘இ’ எழுதுங்க” என்றார். தமிழ் ‘இ’. எழுதினேன். “எங்கிருந்து ஆரம்பிச்சீங்க?” என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மறுபடி எழுதிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. எழுதத் தெரிந்த நாளிலிருந்து எழுதுகிற எழுத்து அது. “பாத்தீங்களா, உங்களுக்கு மறந்துபோச்சு, கைக்கு ஞாபகம் இருக்குது. அந்த மாதிரி வரணும்” என்றார்.

நம் எழுத்துகள் பெரும்பாலும் கையை எடுக்காமல் சுழித்துச் சுழித்துப் போகிறவை. அதுதான் எனக்கு முதல் தொல்லை. வாய் என்று ஒரு எழுத்து, 口. வெறும் சதுரம். நான் ஒரே இழுப்பில் சுற்றி வந்து மூடிவிடுவேன். அவர் அதை அடித்துவிட்டு மூன்றாக எழுதிக் காட்டுவார். இடது பக்கம் மேலிருந்து கீழே ஒன்று, கையை எடு. மேல்பக்கமாகப் போய்த் திரும்பி வலப்பக்கம் இறங்குவது இரண்டு, கையை எடு. அடியில் மூடுவது மூன்று. கையை எடுக்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு வண்டி நின்று நின்று போவது போல இருந்தது. நாலு பக்கமும் அடைத்த எழுத்தென்றால், உள்ளே எழுத வேண்டியதை எழுதிவிட்டுத்தான் அடிக்கோட்டைப் போட வேண்டும். நான் முதலிலேயே மூடிவிடுவேன். “ஆளு உள்ள போறதுக்குள்ள கதவச் சாத்திப்போட்டீங்க” என்பார்.

அந்த முதல் வாரங்களில் பெரும்பாலும் படுக்கைக்கோடுதான். ஒன்று என்ற எண்ணே ஒரு படுக்கைக்கோடு. வைத்து, லேசாக அழுத்தி, இழுத்து, நின்று, மறுபடி அழுத்தி எடுக்க வேண்டும். நான் ஸ்கேல் வைத்தது போலப் போடுவேன். “இது கோடு போடறதுங்க்கா. எழுதறது இல்ல” என்பார். எரிச்சலாக வரும். ஞாயிற்றுக்கிழமை வீட்டு வேலையை விட்டுவிட்டு, டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, ஒற்றைக் கோட்டில் திட்டு வாங்கிக்கொண்டு போவேன். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வருவதற்கு முன்னாலேயே மாடிப்படியில் உட்கார்ந்திருப்பேன்.

அவரும் சுலபமாகக் கற்றவர் இல்லை. சீனாவில் ஆஸ்பத்திரிப் பயிற்சி எடுத்த வருஷம், நோயாளியின் பெயரைத் தப்பு வரிசையில் எழுதி, அது கோணிக்கொண்டு வேறு எழுத்தாகத் தெரிய, தலைமை நர்ஸ் எல்லோர் முன்னாலும் அவரை உட்காரவைத்துத் திரும்பத் திரும்ப எழுதச் செய்தாராம். “அவசரமா எழுதறப்பதான் வரிசை முக்கியம். மெதுவா எழுதுனா எப்படி எழுதுனாலும் ஒரே மாதிரி தெரியும். வேகமா எழுதறப்ப வரிசை தப்புனா எழுத்தே வேற ஆயிரும்” என்றார். எனக்கு அதுவரை குழப்பமாக இருந்த ஒரு விஷயம் அந்த வார்த்தையில் பிடிபட்டது. தூரிகை எழுத்தில் ஒரு கோட்டின் முனை ஏன் அந்தப் பக்கமாக எகிறுகிறது என்றால், அடுத்த கோடு அங்கேதான் ஆரம்பிக்கப் போகிறது. கை அங்கே போவதற்குக் கிளம்பிவிட்டது.

தாள் தீர்ந்துகொண்டே இருந்தது. சீனாவில் பூங்காக்களில் பெரியவர்கள் நீளத் தூரிகையைத் தண்ணீரில் நனைத்துத் தரையில் எழுதுவார்கள், காய்ந்தால் அழிந்துவிடும், மறுபடி எழுதுவார்கள் என்று அவர் ஒருநாள் சொன்னார். எங்கள் சமையல் மேடை கடப்பைக்கல். பழைய பெயின்ட் பிரஷ் ஒன்றை வெட்டிச் சரிசெய்து, ஒரு டம்ளர் தண்ணீரோடு காலையில் மேடைமுன் நின்றேன். கறுப்புக் கல்லில் ஈரக்கோடு பளிச்சென்று தெரிந்தது. அழுத்தினால் தடித்தது, தூக்கினால் மெலிந்தது. பேனாவில் எனக்குப் பிடிபடாதது இதில் பிடிபட்டது.

என் வீட்டுக்காரர் விசைத்தறிகளுக்கு ஃபிட்டர். காலையில் சாப்பிட்டுக் கிளம்ப வேண்டிய அவசரத்தில் சமையலறைக்கு வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார்.

“ஏம்புள்ள, அடுப்பு பத்த வெக்கிலயா?”

“சித்த இருங்க. இது காயட்டும்.”

“காஞ்சா சோறு வெந்துருமா?”

ஆனால் கையிலிருந்த சாப்பாட்டுத் தூக்குப்போசியை அந்த ஈர எழுத்தின்மேல் வைக்காமல், ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போனார். பிறகு எல்லா நாளும் அப்படித்தான் வைத்தார். ஒரு வாரம் கழித்து, “இந்தப் படுக்கைக்கோடு நேத்து இதவிட நல்லா இருந்துது” என்று ஒருநாள் சொன்னார். அவர் சொன்னது சரிதான். அன்றைக்குக் கோடு நன்றாக இல்லை.

கொஞ்சம் கை பழகியதும், சொல்லிக்கொடுத்த டாக்டர் என்னை இரண்டாவது எழுத்தின் வலது பாதிக்குக் கொண்டுவந்தார். 生. உயிர், பிறப்பு என்று பொருள். மேலே ஒரு சின்னச் சாய்வு, இரண்டு படுக்கைக்கோடு, நடுவில் நெட்டுக்கோடு, கடைசியில் அடியில் ஒரு படுக்கைக்கோடு. முதல் சாம்பிளில் நெட்டுக்கோட்டை முதலில் தைத்து மூன்று படுக்கைக்கோட்டையும் அதன்மேல் ஏற்றியிருந்தேன். ஏணிக்குக் கால் நட்டுவிட்டுப் படி வைப்பதுபோல அதுதான் நியாயம் என்று பட்டது. எழுதிப் பார்த்தபிறகுதான் தெரிந்தது. இரண்டு கோட்டையும் ஊடுருவிக்கொண்டு நெட்டுக்கோடு இறங்கி வருகிறது, அது நிற்பதற்கு அடியில் கடைசிக் கோடு வந்து தாங்குகிறது.

இந்த முறை பஞ்ச் பண்ண உட்கார்ந்தபோது போட்டோவை அவ்வளவாகப் பார்க்கவில்லை. மேசையில் பலமுறை எழுதிப் பார்த்து, கை போன வழியிலேயே ஊசியை விட்டேன். கை தூக்கிய இடத்தில் நூலை அறுத்தேன். அங்கேதான் வம்பு வந்தது. எங்கள் தொழிலில் நூல் அறுப்பது குறைவாக இருந்தால்தான் நல்ல பஞ்சிங். ஒவ்வொரு அறுப்புக்கும் மெஷின் நின்று, அறுத்து, நகர்ந்து, மறுபடி ஓட வேண்டும். என் டிசைன் நின்று நின்று ஓடியது. முதலாளி மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்று கவனித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“ஏனுங்க அம்மணி, மொத எழுத்துல எடதுப் புள்ளியையும் மேல் புள்ளியையும் ஒட்டுக்கா தெச்சுப்போட்டு அக்கட்ட போனா என்ன? அது ஒண்ணும் மேல ஏறுறதில்ல, கீழ போறதில்ல. யாருக்குத் தெரியப்போவுது?”

“தெரியாதுங்ணா.”

“அப்பறம்?”

“நடுவுல கொக்கி வருதுங்க. கொக்கி முடியற எடத்துல இருந்துதான் மேல் புள்ளிக்குக் கை போவுது. முன்னாடியே தெச்சா நூல் இழுக்கற பக்கம் மாறுது. நான் ரெண்டு விதமாவும் ஓட்டிப் பாத்துட்டனுங்க.”

இரண்டு துண்டையும் அவர் கையில் கொடுத்தேன். அவர் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு வித்தியாசம் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. “ஒரு பீசுக்கு நெம்ப நேரம் எடுக்குதுங்க” என்றார்.

“எடுக்குதுங்ணா. எழுத்துக்கு அவ்வளவு நேரமாவுதுங்க.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார். வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் மாற்றவும் இல்லை.

அந்தப் பெண்மணி வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காந்திபுரம் மாடியில் கதவு பூட்டியிருந்தது. வியாபாரிகள் இரண்டு பேர் படியில் நின்று போன் போட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் அங்கேயே காத்திருந்து திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். கடைசியில் எடுத்தார். குரல் கம்மியிருந்தது. பரீட்சை முடிவு வந்திருந்தது, தேறவில்லை. இது முதல் தடவையும் இல்லை என்று அப்போதுதான் சொன்னார்.

“கொஞ்ச நாளைக்கு கிளாஸ் இல்லீங்க்கா. மன்னிச்சுக்குங்க.”

“கிளாஸ் கெடக்குது. சாப்டீங்களா?”

மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது.

“ஊட்டுக்கு வாங்க கண்ணு. சோமனூர் பஸ் ஏறுங்க, நான் ஸ்டாப்புல நிக்கறன்.”

வருவார் என்று நினைக்கவில்லை. வந்தார். கண் வீங்கியிருந்தது. என் வீட்டுக்காரர் விஷயம் தெரிந்துகொண்டு, அரிசியும்பருப்பும் சாதத்துக்கு நெய் வாங்கிவருகிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நெய் வீட்டில் இருந்தது. நான் பரீட்சையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டு என்ன சொல்லிவிட முடியும்? அவருக்குத் தெரியாத ஆறுதல் ஒன்றும் என்னிடம் இல்லை. மேடையில் டம்ளரும் பிரஷும் இருந்ததைப் பார்த்து, “இங்கதான் எழுதறீங்களா?” என்று கேட்டார்.

“எழுதறன், பாருங்க. தப்பு இருந்தாச் சொல்லுங்க.”

必 எழுதினேன். இடது புள்ளி, கொக்கி, மேல் புள்ளி, சாய்வு, வலது புள்ளி. அவர் என் கையிலிருந்து பிரஷை வாங்கி, பக்கத்தில் அதே எழுத்தை எழுதினார். வேகமாக, தண்ணீர் சிதறும்படி. காய்வதற்குள் அடுத்தது. மேடை முழுக்க, அடுப்பு வரைக்கும், அதே எழுத்து. முதலில் எழுதியது மறையும்போது அதன்மேலேயே மறுபடி. நான் டம்ளரில் தண்ணீர் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் வேகம் குறைந்து, எழுத்து நிதானப்பட்டது.

“நர்ஸ் எழுத வெச்சாங்கன்னு சொன்னேன்ல. அன்னிக்கு ரூமுக்குப் போயி, நாளைக்கே ஊருக்குப் போயிர்றேன்னு அம்மாவுக்குப் போன் பண்ணுனேன்” என்றார். “போகல.” பிரஷை உதறி வைத்தார். “அடுத்த தடவைக்கு இன்னிக்கே அப்ளை பண்ணிர்றேங்க்கா. நாளைக்குன்னா மனசு மாறிரும்.”

மூன்று பேரும் சாப்பிட்டோம். இரண்டாம் முறையும் சாதம் வாங்கிச் சாப்பிட்டார். பஸ் ஏற்றிவிடும்போது, “உங்க சாய்வுக் கோடு மேல இன்னும் அழுத்தி ஆரம்பிக்கணும்” என்று படியில் ஏறிக்கொண்டே சொன்னார்.

அந்தப் பெண்மணி இந்த முறை எங்கள் யூனிட்டுக்கே வந்தார். முதலாளி அன்று புதுச்சட்டை போட்டிருந்தார். மெஷின் சத்தம் அதிகம் என்பதால் நிறுத்தச் சொல்லிவிட்டு, நான் வேலை செய்கிற அறையில் துணியை விரித்தோம். அவர் போன தடவை போலவே விளக்கை இழுத்தார். ஆனால் இந்த முறை துணியைத் தொடவில்லை. வலது கை ஆள்காட்டி விரலைத் துணிக்கு மேலே கொஞ்சம் தூக்கிப்பிடித்துக்கொண்டு, காற்றில் அசைத்தார். நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் இரண்டாவது எழுத்து. சட்டம், இரண்டு குறுக்குக்கோடு, சாய்வு, படுக்கை, படுக்கை, நெட்டு, படுக்கை. விரல் எங்கேயும் தயங்கவில்லை.

முதல் எழுத்துக்கு வந்தார். விரல் இடது புள்ளியில் ஆரம்பித்தது. கொக்கி. மேல் புள்ளி. அடுத்து சாய்வு என்று நான் நினைத்தபோது, விரல் வலது புள்ளிக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் சாய்வு. நான் தைத்த வரிசை அது இல்லை.

“நீங்கள் எழுதிக் காட்டுங்கள்” என்றார்.

தாளும் பேனாவும் எடுத்து, டாக்டர் சொல்லிக்கொடுத்த வரிசையில் எழுதினேன். வரிசை தப்பவில்லை. அவர் குனிந்து பார்த்தார். பிறகு பேனாவை வாங்கித் தன் வரிசையில் எழுதினார். சாய்வில்லாமல் மற்ற நாலு கோடும் சேர்ந்தால் மனம் என்கிற எழுத்தாம்; முதலில் அதை முழுசாக எழுதி, அதன் குறுக்கே ஒரு சாய்வை இழுத்தார்.

“உங்களுடையதுதான் பாடப்புத்தக வரிசை” என்றார். “எனக்கு என் அம்மா சொல்லிக்கொடுத்தது இது. பள்ளிக்கூடத்தில் எத்தனையோ தடவை திருத்தினார்கள். நான் மாற்றவில்லை.”

எனக்கு உயிர் வந்தது. பேசுகிற துணிச்சலும் வந்தது. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், “அப்படியானால் துணியில் எது வேண்டும்?” என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். “துணியில் தெரியாது. உங்கள் கை போன வழியே இருக்கட்டும். ஆனால் ஒன்று” என்று இரண்டாவது எழுத்தின் அடிக்கோட்டைக் காட்டினார். “இது குட்டையாக இருக்கிறது. மேலே இருக்கிற எல்லாவற்றையும் இதுதான் தாங்குகிறது. நீளமாக்குங்கள்.”

அவர் சொன்னதும் எனக்கே தெரிந்தது. எப்படி விட்டேன் என்று இருந்தது. அங்கேயே கம்ப்யூட்டரில் மாற்றி, மெஷினில் ஏற்றி ஓட்டினேன். துணி தயாராகும்வரை அவர் என் அருகில் உட்கார்ந்து டீ குடித்தார். சுவரில் இருந்த காலண்டரைக் காட்டி, அந்த முதல் எழுத்தை எப்படி எழுதுவது என்று கேட்டார். ‘ஞா’. ஞாயிற்றுக்கிழமையின் ‘ஞா’. அவர் அதில் ‘ஞ’வைச் சின்னச் சின்னத் துண்டுகளாக, ஒவ்வொன்றுக்கும் கையை எடுத்து எடுத்து வரைந்தார். பார்த்தால் ‘ஞ’ மாதிரியேதான் இருந்தது.

“கையை எடுக்கக் கூடாதுங்க” என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவருக்குப் புரிந்தது. மறுபடி எழுதினார். வரவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். துணி வந்தது. பார்த்தார், முதலாளியிடம் தலையசைத்தார்.

அந்த ஆர்டர் முழுவதும் எங்களிடமே ஓடியது. அதற்குப் பிறகு சீன எழுத்தில் ஒரு வேலையும் வரவில்லை. இனி வருமா என்றும் தெரியாது. முதலாளி ஒருநாள், “இன்னும் அந்தக் கிளாசுக்குப் போறீங்களா? எதுக்குங்க?” என்று கேட்டார். “பாதீல விட மனசு வல்லீங்ணா” என்றேன். இன்னும் எனக்குச் சீனமொழியில் ஒரு வாக்கியம் பேச வராது. சில நூறு எழுத்துகள் எழுதத் தெரியும். கோடு அதிகமான எழுத்தென்றால் இப்போதும் நடுவில் வழி தவறி, முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். புது எழுத்தில் முதல் கோடு எது என்று பார்த்தவுடன் சில நேரம் சொல்லிவிடுகிறேன், சில நேரம் தப்பாகச் சொல்கிறேன்.

டாக்டர் அடுத்த பரீட்சையில் தேறினார். இப்போது ஈரோட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் பயிற்சி. காந்திபுரம் வகுப்பை மூடிவிட்டார். ஆனால் வேலைக்குப் போகும் வழியில், பஸ்ஸில் உட்கார்ந்தபடி, ஒரு எழுத்தைப் போனில் அனுப்பிவிடுவார். நான் எழுதி, போட்டோ எடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். போட்டோவில் வரிசை தெரியாது என்று சொன்னதற்கு, எழுதுவதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டார். அதனால் என் வீட்டுக்காரர் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, சாப்பாட்டுக்கு நேரமாகிறது என்று முணுமுணுத்துக்கொண்டு நிற்க, நான் எழுதுகிறேன்.

நேற்று அனுப்பியது பதினேழு கோடு எழுத்து. எழுதி அனுப்பினேன். மதியம் பதில் வந்தது. “ஒம்பதாவது தப்பு. மறுபடி எழுதுங்க்கா.” எங்கே என்று சொல்லவில்லை. பிரஷை நனைத்துக்கொண்டு மேடைமுன் நின்றேன், ஒவ்வொரு கோடாகச் சொல்லிக்கொண்டே மறுபடி எழுதினேன்.